எதை மனப்பாடம் செய்வது: இலக்கணத்தையா, பாட்டையா?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் ஆண்டுதோறும் யாராவது இதே கேள்வியோடு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த முறை வந்தவர் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனையும் கையோடு கூட்டி வந்திருந்தார். "ஐயா, கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் போகிறான். தமிழ்தானே என்று விட்டுவிட்டோம். இப்போது பார்த்தால் அணியிலும் கட்டுரையிலும்தான் மதிப்பெண் போகிறது. உரைநூலில் இருப்பதை அப்படியே உருப்போடச் சொல்லட்டுமா, வேறு வழி ஏதும் இருக்கிறதா?"

பையன் கையில் ஒரு நோட்டு. சிவப்பு மையில் கட்டம் போட்டு, அணியின் பெயர், இலக்கணம், எடுத்துக்காட்டு என்று அழகாக எழுதி வைத்திருந்தான். தற்குறிப்பேற்ற அணி என்றால் என்ன என்று கேட்டேன். "இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின் மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது" என்று மூச்சு விடாமல் சொன்னான். ஓர் எழுத்து பிசகவில்லை. பிறகு ஒரு குறளை எழுதிக் கொடுத்தேன்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

இதில் என்ன அணி? "உவமை அணி ஐயா." உவம உருபு (ஒப்பிட்டுக் காட்டும் சொல்) எது? நோட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், குறளை மறுபடி பார்த்தான். "பெயின் என்பதுதான் உருபா ஐயா?"

பையன் சோம்பேறி இல்லை என்பது நோட்டைப் பார்த்தாலே தெரியும். அவன் உழைப்பு போன இடம்தான் தவறு. தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதங்கூட இல்லாத நிலையில் அந்த உழைப்பை எங்கே போடுவது என்பதே அன்று எங்கள் மூவருக்கும் நடந்த பேச்சு. அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதல் வழி அவன் செய்துகொண்டிருந்ததுதான்: பட்டியல் போட்டு இலக்கணத்தை உருப்போடுவது. இதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூற்பாவை மனத்தில் இருத்திப் படித்த மரபு நம்முடையது. 'அணியை விளக்குக' என்ற வினாவுக்கு விடை எழுத இலக்கணம், சான்று, பொருத்தம் என்ற மூன்றும் வேண்டும். முதலாவது கைவசம் இருந்தால் பாதி தைரியம் வந்துவிடும். ஆனால் இலக்கணங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை. எல்லாமே 'கூறுவது', 'அமைவது', 'வருவது' என்றுதான் முடியும். உவம உருபு மறைந்து வருவது எடுத்துக்காட்டு உவமை. உவமையை மட்டும் கூறிப் பொருளைப் பெறவைப்பது பிறிது மொழிதல். இவ்விரண்டையும் இரவு பதினொரு மணிக்கு அடுத்தடுத்து உருப்போட்டவன் காலையில் ஒன்றின் தலையை மற்றொன்றின் வாலில் ஒட்டிவிடுவான். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. பள்ளிக்கு வருபவை அவற்றில் கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சமே குழம்புவதற்கு, வேறுபாட்டைக் காட்டும் பாட்டு கண்முன் இல்லாமல் வெறும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம் என்பேன்.

இரண்டாம் வழி தலைகீழானது. பாட்டை மனப்பாடம் செய்துவிடு. இலக்கணத்தைப் பாட்டிலிருந்து நீயே சொல். அன்று பையனிடம் நான்கு குறள்களை வைத்து இதைச் செய்து பார்த்தோம்.

முதலில், 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை.' நிலம் இருக்கிறது. பொறுக்கிற மனிதர் இருக்கிறார். நடுவில் 'போல' இருக்கிறது. மூன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. இது உவமை. அடுத்து, 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.' எழுத்து ஒரு வாக்கியம், உலகு ஒரு வாக்கியம். இரண்டும் இருக்கின்றன, 'போல' எங்கே? இல்லை. 'அதுபோல' என்பதை நாம்தான் இடையில் போட்டுப் படிக்கிறோம். இது எடுத்துக்காட்டு உவமை. மூன்றாவது, பையனைத் திணறடித்த பீலிக் குறள். மயிலிறகு ஏற்றிய வண்டிதான், ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும். யாரைப் பற்றிய பேச்சு இது? குறளில் ஆளே இல்லை. 'போல' மட்டுமில்லாமல் பொருளே காணாமல் போய்விட்டது. இது வலியறிதல் அதிகாரத்தில் வருவதால், எளியவர்கள்தானே என்று பலரையும் பகைத்துக்கொள்ளும் அரசனுக்குச் சொன்னது என்று நாம் கண்டுகொள்கிறோம். வேறொன்றைச் சொல்லி இதைப் புரியவைத்ததால் பிறிது மொழிதல். பெயரே இலக்கணமாகிவிட்டது, கவனித்தாயா என்றேன். பையன் முகத்தில் வெளிச்சம்.

நான்காவது, 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்.' இங்கே பிறவியும் கடலும் ஒட்டிக்கொண்டு ஒன்றே ஆகிவிட்டன. அது உருவகம். பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். ஒரு பாதியை மட்டும் உருவகம் செய்ததால் ஏகதேச உருவகம். 'ஏகதேசம்' என்ற வடசொல்லைக் கண்டு மிரள்கிற பிள்ளைகள், விட்டுப்போன தெப்பத்தைக் காட்டினால் அதன்பின் மறப்பதில்லை.

நான்கு குறள், எட்டு அடி. இவை நாக்கில் இருந்தால் நான்கு இலக்கணமும் தேவைப்படும்போது தாமே வரும். இலக்கணம் நாக்கில் இருந்து குறள் இல்லாவிட்டால் சான்றுக்கும் பொருத்தத்துக்கும் பேனா நின்றுவிடும். இரண்டு வழிகளுக்கும் இடையே நான் காணும் பெரிய வேறுபாடு இதுதான்.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. பாட்டைப் பார்த்து அணியைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள் ஓர் அடையாளத்தையே நம்பத் தொடங்கிவிடுவார்கள். 'போல' தேடுவது அப்படி ஒன்று. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான என்று தொடங்கிப் பன்னிரண்டு உருபுகளைச் சொல்லிவிட்டு 'பிறவும்' என்று வேறு சேர்க்கிறது. 'அன்பகத் தில்லா உயிர்வாழ்க்கை வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று' என்ற குறளில் கடைசியில் நிற்கும் 'அற்று' என்பதே உருபின் வேலையைச் செய்கிறது. அதைத் 'தளிர்த்தற்று' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பதாக எண்ணிப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாறை நிலத்தில் பட்டமரம் தளிர்ப்பது உலகத்தில் நடக்காத காரியம் என்பதால் அது இல்பொருள் உவமை என்ற இன்னொரு பெயரையும் பெறுகிறது.

இன்னொரு பள்ளம் உவமைத்தொகை. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், அது உவமை. முகமலர் என்று திருப்பினால் முகமாகிய மலர், அது உருவகம். தமிழ்த்தேன், தேன்தமிழ் என்று வீட்டிலேயே சொற்களைத் திருப்பிப் போட்டு விளையாடச் சொல்வேன். ஐந்து நிமிடப் பேச்சுக்கு இது போதும், தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடமே இல்லை.

நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் படிப்பது மூன்றாம் வழி. நல்லதுதான், ஆனால் கேட்கிறவன் 'உவமையணியின் இலக்கணம் சொல்' என்று கேட்டால் அது முதல் வழிதான், இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள், அவ்வளவே. 'இந்தக் குறளில் எந்தச் சொல்லை நீக்கினால் இது பிறிது மொழிதல் ஆகும்?' என்று கேட்கத் தெரிந்த நண்பன் கிடைத்தால் விடாதே. கைபேசியில் காணொளி பார்த்துப் படிப்பதைப் பற்றியும் அந்த அப்பா கேட்டார். பார்க்கட்டும், பார்த்து முடித்ததும் கைபேசியை உங்களிடம் தந்துவிட வேண்டும் என்றேன். வேறு சொல்வதற்கு அதில் எனக்கு ஒன்றுமில்லை.

செய்யுளின் ஓசைக் கட்டமைப்பைச் சொல்லும் யாப்பை மட்டும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க மாட்டேன். அது மனப்பாடத்திலும் வராது, விளக்கத்திலும் வராது, கை பழக வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு குறளை அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் அசை பிரித்து, அதற்குரிய வாய்பாட்டுப் பெயரை எழுதுவதற்கு மூன்று மதிப்பெண். கணக்கைப்போல, சரியாகச் செய்தால் மூன்றும் முழுசாக வரும். 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக' என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு குறிலோ நெடிலோ தனியாக வந்தால் நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை, பின்னால் ஒற்று வந்தாலும் அப்படியே. கற்/க, நேர் நேர், தேமா. கச/டறக், நிரை நிரை, கருவிளம். கற்/பவை, நேர் நிரை, கூவிளம். கற்/றபின், அதுவும் கூவிளம். நிற்/க, தேமா. அதற்/குத், நிரை நேர், புளிமா. கடைசிச் சீர் 'தக' ஓரசை, நிரை, மலர்.

வாய்பாட்டைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு வாய்பாட்டுச் சொல்லும் தனக்குத் தானே எடுத்துக்காட்டு. கூவிளம் என்ற சொல்லையே அலகிட்டுப் பார்: கூ நேர், விளம் நிரை. புளிமா என்றால் புளி நிரை, மா நேர். இதைப் பதினைந்து வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்றும் உண்டு.

செய்தது சரியா என்று தானே சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. குறள் வெண்பாவில் மா முன் நிரை வரும், விளம் முன் நேர் வரும்; அதாவது 'மா' என முடியும் சீருக்கு அடுத்த சீர் நிரையிலும், 'விளம்' என முடியும் சீருக்கு அடுத்த சீர் நேரிலும் தொடங்கும். மேலே உள்ளதில் 'கற்க' தேமா, அடுத்த சீர் 'கச' என்று நிரையில் தொடங்குகிறது. 'கசடறக்' விளம், அடுத்தது 'கற்' என்று நேரில் தொடங்குகிறது. கடைசிவரை இப்படிப் போனால் அலகிட்டது சரி. எங்காவது மா முன் நேர் வந்துவிட்டால் வள்ளுவர் தவறு செய்திருக்க மாட்டார், நீதான் பிரித்ததில் பிழை செய்திருக்கிறாய். ஒரு நாளைக்கு ஒரு குறள், காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் போதும்.

இனிக் கட்டுரை. எட்டு மதிப்பெண். ஒரே வினாவில் இவ்வளவு கிடைக்கும் இடம் வினாத்தாளில் அதிகம் இல்லை. இங்கும் போட்டி அதே இரண்டு பேருக்கு இடையில்தான்: எழுதி வைத்த கட்டுரைகளை உருப்போடுகிறவன் ஒரு பக்கம், குறிப்புச்சட்டம் போட்டுப் பழகுகிறவன் மறுபக்கம்.

உருப்போடுகிறவனின் கணக்கு எளியது. பத்துத் தலைப்புகள் மாறிமாறி வருகின்றன. சாலைப் பாதுகாப்பு, மரம் வளர்ப்பு, நீர் மேலாண்மை, நூலகம், போதை ஒழிப்பு என்று பத்தையும் உருப்போட்டுவிட்டால் ஒன்று விழாமலா போகும்? விழும். விழும்போதுதான் சிக்கல். தேர்வில் தலைப்போடு குறிப்புகளும் தருகிறார்கள். உன் கட்டுரையில் 'மழைநீர் சேகரிப்பு' மூன்றாம் பத்தியில் இருக்கிறது. வினாத்தாளில் அதற்கு முன்னால் ஏரி குளங்கள் பற்றி ஒரு குறிப்பு நிற்கிறது, அதை நீ படித்ததே இல்லை. உருப்போட்டது சங்கிலி மாதிரி. நடுவில் ஒரு கண்ணியைக் கழற்றி வேறொன்றை மாட்டத் தெரியாதவன், குறிப்பைப் பார்க்காததுபோல் தன் கட்டுரையையே எழுதிவிட்டு வருவான். விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன், இது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஒரு கட்டில் பத்துத் தாள்கள் ஒரே முன்னுரையோடு வந்தால் எந்த உரைநூல் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

குறிப்புச்சட்டக்காரனுக்கு ஆறு நிமிடம் வேண்டும். ஒரு முழுக் கட்டுரை எழுத அரைமணி ஆகும் என்றால், அதே நேரத்தில் ஐந்து தலைப்புகளுக்குச் சட்டம் போட்டுவிடலாம். முன்னுரைக்கு ஒரு வரி, நான்கு உட்தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு செய்தியும் ஒரு சான்றும், முடிவுரைக்கு ஒரு வரி. நீர் மேலாண்மைக்குப் பையன் போட்ட முதல் சட்டத்தில் 'முன்னோர் செய்தது' என்று ஓர் உட்தலைப்பு இருந்தது, கீழே ஒன்றுமில்லை. முன்னோர் என்ன செய்தார்கள்? தெரியவில்லை. கரிகாலனின் கல்லணை எங்கே இருக்கிறது? "காவிரியில்." அப்படியானால் எழுது. உங்கள் ஊரில் கண்மாய் இருக்கிறதா? "இருக்கிறது ஐயா. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது." அதையும் எழுது. சட்டத்தில் எந்த இடம் காலி என்பது ஆறு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. உருப்போடுகிறவனுக்கு அது தேர்வறையில்தான் தெரியும்.

மனப்பாடத்துக்கு இங்கும் இடமுண்டு, ஆனால் கட்டுரைக்கு இல்லை, மேற்கோளுக்கு. புறநானூற்றில் குடபுலவியனார் பாடிய இரண்டு அடிகள் இவை:

நீரின்றி அமையா யாக்கைக் கெல்லாம்
உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே.

தண்ணீர் பற்றிக் கேட்டால் முதல் அடி முன்னே வரும். உழவு, பசி, பள்ளியில் மதிய உணவு, கொடை பற்றிக் கேட்டால் இரண்டாம் அடி கைகொடுக்கும். இரண்டு அடி உருப்போட்டு நான்கைந்து கட்டுரைகளுக்கு வழி செய்துகொண்டாய். பத்துப் பக்கம் உருப்போட்டு ஒரு கட்டுரைக்கு வழி செய்பவனோடு ஒப்பிட்டுப் பார். இப்படி இருபது மேற்கோள் போதும். அதில் பாதி, அணிக்காக நீ ஏற்கெனவே படித்த குறள்களாகவே இருக்கலாம். 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்' என்பது, இரண்டை ஒப்பிட்டுப் பின் வேறுபடுத்திக் காட்டும் வேற்றுமை அணிக்குச் சான்று, நாவடக்கம் பற்றிய கட்டுரைக்கு மேற்கோள். அணியையும் கட்டுரையையும் இரண்டு தனி நோட்டுகளில் வைத்துப் படிப்பதால்தான் இந்த லாபம் கண்ணில் படுவதில்லை.

சட்டம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் போதுமா என்றால், போதாது. சட்டத்தில் சந்திப்பிழை தெரியாது. 'மழை நீரைச் சேமிக்க' என்று வல்லினம் மிக எழுதவேண்டிய இடத்தில் 'மழை நீரை சேமிக்க' என்று எழுதுகிற கையை, முழு வாக்கியம் எழுதும்போதுதான் பிடிக்கமுடியும். லகர ளகர ழகரக் குழப்பமும் அப்படித்தான். ஆகவே வாரத்தில் நான்கு சட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுக் கட்டுரை, கடிகாரம் வைத்து. அதில் வந்த பிழைகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைக்கட்டும். மூன்று வாரத்தில் பார்த்தால் ஒருவர் செய்யும் பிழைகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். அந்த ஏழெட்டைத் திருத்தினால் போதும், சந்தி இலக்கணம் முழுவதையும் இப்போது படிக்க நேரமில்லை.

முன்னுரை பற்றி ஒரு சொல். 'இக்கட்டுரையில் நீர் மேலாண்மை பற்றிக் காண்போம்' என்ற வரியைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. அதை எழுதினால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தன் ஊர்க் கண்மாயிலிருந்து தொடங்குகிற பிள்ளையின் தாளைத் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

அப்பாவுக்கு என் பதிலை இப்படிச் சொன்னேன். உங்கள் பையன் ஓரளவு படிக்கிறவன், ஆறேழு வாரம் இருக்கிறது. இவனுக்குப் பாட்டும் மேற்கோளும் மனப்பாடம், இலக்கணமும் கட்டுரையும் பழக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளையாக இருந்து, 35 வாங்கித் தேறுவதே கவலையாக இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்: உவமை, உருவகம் இரண்டுக்கு மட்டும் இலக்கணத்தைச் சான்றோடு உருப்போடட்டும், இரண்டு கட்டுரையையும் அப்படியே உருப்போடட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று வந்து நின்றாலும் அதே பதில்தான். பழக்கம் என்பது நாள் கேட்கிற சமாச்சாரம், பத்து நாளில் புது வழிக்கு மாறினால் பழையதும் போய்விடும்.

அடுத்த ஞாயிறு பையன் முழுக் கட்டுரையோடு வந்தான். தலைப்பு நீர் மேலாண்மைதான். சந்திப்பிழை பதினொன்று. 'காண்போம்' வழக்கம்போல முதல் வரியில் உட்கார்ந்திருந்தது. ஆனால் இரண்டாம் பத்தியில் இப்படி எழுதியிருந்தான்: 'எங்கள் கண்மாய்க் கரையில் வளர்ந்து நிற்கும் கருவேல மரங்கள் காற்றில் அசைவது, உள்ளே வராதே என்று தண்ணீரைப் பார்த்துக் கைகாட்டுவது போல் இருக்கிறது.'

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் அசைகிறது. அது, வரவேண்டாம் என்று கோவலனுக்கும் கண்ணகிக்கும் கை காட்டியதுபோல் இருந்ததாக இளங்கோவடிகள் பாடுகிறார்: 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட.' பையனின் சிவப்புக் கட்ட நோட்டில் தற்குறிப்பேற்றத்துக்கு நேரே இந்த அடிதான் சான்றாக எழுதியிருக்கிறது. முதல் நாள் அவன் மூச்சு விடாமல் ஒப்பித்த அணி.

நான் விளிம்பில் 'வாரல்' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். புரிந்ததா என்று வருகிற ஞாயிறு கேட்க வேண்டும்.